ரிது டால்மியாவின் கதையும் என் ஆயாவின் நோட்டும்: சமைக்கிறவர் கடையும் நடத்தி, எழுதவும் முடியுமா?

#1 கோட்டையூர் அடுப்படி

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதுவது இதுவே முதல் தடவை.

சென்னையில் ஹோட்டல் கிச்சன்களில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன சித்திரையில் ஊருக்குத் திரும்பினேன். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முன்பகுதி வாடகைக்கு வருகிறது. இருபது பேர் உட்காரலாம். மதியச் சாப்பாடு மட்டும், இலை போட்டுப் பரிமாற வேண்டும் என்று ஆசை. இன்னொரு ஆசையும் உண்டு. ஆயா, அதாவது என் பாட்டி, எழுதி வைத்த சமையல் நோட்டு என்னிடம் இருக்கிறது. அதைப் புத்தகமாக்க வேண்டும்.

இந்த யோசனையில் தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் ரிது டால்மியாவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1973ல் கொல்கத்தாவில் பிறந்த மார்வாடிப் பெண். சைவக் குடும்பம். வீட்டுத் தொழில் பளிங்குக் கல் வியாபாரம். பதினாறு வயதிலேயே தொழிலில் இறங்கி, அந்த வேலையாக இத்தாலிக்குப் போய் வந்ததில் அந்த ஊர்ச் சாப்பாட்டில் மனம் ஒட்டிவிட்டது. 1993ல், இருபது வயதில், டெல்லி ஹௌஸ் காஸ் கிராமத்தில் மெஸ்ஸலூனா என்று இத்தாலிய உணவகம் திறந்தார். மூன்று வருடத்தில் அதை விட வேண்டியதாயிற்று. லண்டனுக்குப் போய் 1996ல் கிங்ஸ் ரோட்டில் வாமா என்ற இந்திய உணவகத்தைக் கூட்டாக ஆரம்பித்தார். அது நன்றாகவே ஓடியது. ஆனாலும் 2000ல் டெல்லிக்கே திரும்பி வந்து, கிரேட்டர் கைலாஷில் டீவா என்று மறுபடியும் இத்தாலிய உணவகமே திறந்தார்! தொலைக்காட்சி நிகழ்ச்சி, 'இத்தாலியன் கானா' புத்தகம், அடுத்தடுத்த கடைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். 2017ல் மிலான் நகரத்திலேயே சித்தமணி என்று இந்திய உணவகமும் தொடங்கினார். கேட்டரிங் கல்லூரியில் படித்து வந்தவர் இல்லை.

எனக்கு அவரைப் போலக் குடும்பப் பணம் கிடையாது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. முதல் கடை போன பிறகு அதே சாப்பாட்டை அதே ஊரில் மறுபடி போட அவருக்கு எப்படித் தைரியம் வந்தது? சமைப்பது, கடை நடத்துவது, எழுதுவது மூன்றையும் ஒருவரே செய்யலாமா, அல்லது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 பெட்டியடிப் பையன்

ஆத்தா, வாழ்த்துகள். நான் தேவகோட்டை. வயது எழுபத்திரண்டு. நான் கடை நடத்தியவன் இல்லை, கடை நடத்தியவர்கள் வீட்டில் வளர்ந்தவன்.

நீ எழுதியதில் பளிங்குக் கல்தான் முதலில் என் கண்ணில் பட்டது. நம் வீட்டுப் பட்டாலையில் வெறுங்காலோடு நடந்தால் சில்லென்று ஏறுகிறதே, அந்தக் கல் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது. வீடு பார்க்க வருகிறவர்களிடம் பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிப் பளிங்கு என்று வரிசையாகச் சொல்வோம். ஆனால் கல்லோடு அந்த ஊர்ச் சோறு நம் வீட்டுக்கு வரவில்லை. பர்மாவிலிருந்து மரமும் வந்தது, சோறும் வந்தது. கவுனி அரிசி அப்படி வந்ததுதான். ரங்கோன் புட்டு பெயரிலேயே ஊரை வைத்திருக்கிறது. நம்மவர்கள் ரங்கூனில் கடை போட்டு வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே கிடைத்ததைப் பொங்கிச் சாப்பிட்டார்கள். இத்தாலியில் அப்படி யாரும் உட்காரவில்லை. அந்தப் பெண் கல் வியாபாரத்துக்குப் போன இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

அடுத்து அந்த மூன்று வருடம். எங்கள் ஐயா காலத்தில் பையன்கள் சின்ன வயதிலேயே வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வார்கள். பெருக்குவது, எடுபிடி வேலை, அப்படியே கணக்கு எழுதக் கற்பது. பிறகு அடுத்தாள், அதற்கும் பிறகு பொறுப்பான ஆளாகக் கடல் தாண்டிப் போவது. அதைத்தான் கொண்டுவிக்கப் போவது என்பார்கள். போனால் மூன்று வருடம். அதற்கு ஒரு கணக்கு என்று பெயர். முடிந்ததும் ஐந்தொகை, அதாவது லாப நஷ்டம் காட்டும் முடிவுக் கணக்கு, போட்டு, பேரேட்டை ஒப்படைத்துவிட்டு ஊர் வந்து கொஞ்ச நாள் இருந்து, மறுபடி அடுத்த கணக்குக்குப் போவார்கள். முதல் கணக்கில் நஷ்டம் வந்தவனை வீட்டில் உட்கார வைத்ததில்லை. எங்கே போயிற்று என்று ஐந்தொகையைப் பார்த்துக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

மெஸ்ஸலூனாவை நீ தோல்வியாகப் பார்க்கிறாய். நான் அதை ஒரு கணக்கு முடிந்ததாகப் பார்க்கிறேன். இரண்டாவது கணக்கு லண்டன். மூன்றாவதில்தான் டீவா.

#3 மெஸ்காரர் மகன்

ஐயா சொல்வது கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் அக்கா, வாடகைக்காரர் மூன்று வருடம் ஐந்தொகைக்காகக் காத்திருக்க மாட்டார். அதனால் கொஞ்சம் காசுக் கணக்கும் பேசுவோம்.

முதலில் மெஸ்ஸலூனா. நேரத்தையும் பார்க்க வேண்டும். 1993ல் வெளிநாட்டு உணவுப் பொருள்களை இறக்குவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. நுகர்வுப் பொருள் இறக்குமதியில் இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் முழுவதும் நீங்கின. நல்ல சீஸும் ஆலிவ் எண்ணெயும் தாராளமாகக் கிடைக்காத காலத்தில், சாப்பிடுகிறவர்களுக்கும் அந்தச் சுவை பழகாத காலத்தில், ஒருவர் இத்தாலிக் கடை போட்டால் என்ன ஆகும்? ஏழு வருடம் கழித்து அதே ஊர் வேறு ஊராகியிருந்தது. அவரும் இடையில் லண்டனில் கடை நடத்தப் பழகிவிட்டார். அதே சாப்பாட்டைத் திரும்பப் போட அந்தத் தைரியம் அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

இனி நம் ஊர். அப்பா மெஸ் ஆரம்பித்து இருபத்தாறு வருடம். நடுவில் மதுரையில் ஒரு கிளை போட்டு பதினான்கு மாதத்தில் மூடினோம். சமையலில் குறையே இல்லை. நாங்கள் விட்டது நாள்காட்டியை. அசைவ மெஸ்ஸுக்குப் புரட்டாசி போய்விடும். கார்த்திகை பிறந்தால் மாலை போடுகிறவர்கள், மார்கழியும் அப்படியே. அதற்கு மேல் செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை. எண்ணிப் பாருங்கள், வருடத்தில் முழு வியாபாரம் நடக்கிற நாள் எத்தனை மிஞ்சுகிறது என்று. காரைக்குடியில் இதைத் தாங்க விசேஷ வீட்டு ஆர்டர் இருந்தது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் மெஸ்ஸின் மற்ற மாதங்களைத் தூக்கி நிறுத்தும். மதுரையில் எங்களுக்கு அந்த ஆர்டர் கிடையாது. ரிது டால்மியாவும் கடைகளோடு நிறுத்தவில்லை, கல்யாணங்களுக்குக் கேட்டரிங் செய்கிறவர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நூறு ரூபாய்ச் சாப்பாட்டில் சரக்கு முப்பத்தைந்து ரூபாயைத் தாண்டினால் நான் அன்றைக்கே உட்கார்ந்து பார்ப்பேன். ஆண்டு விற்பனை சிறு கடைக்கான வரம்புக்குள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு போதும். தாண்டினால் லைசென்ஸ். ஜிஎஸ்டி பதிவு செய்துவிட்டால் 5 சதவீதம் வாங்கலாம், ஆனால் நீங்கள் வாங்குகிற பொருள்களுக்குக் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர் வாங்கும்போது அந்த வரி உங்கள் தலையில்தான். முதலீட்டில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருபது பேருக்கு மதியம் மட்டும் என்பது நல்ல அளவு. ஆனால் சைவத்தை மெயினாக வையுங்கள். நம் ஊர்ச் சைவத்துக்கு வெளியில் கடையே இல்லை.

#4 புதுவயல் அரிசி

கடைசி வரி சரியான வரி. வெண்டைக்காய் மண்டி, கோசமல்லி, திரக்கல், கும்மாயம் இதெல்லாம் எந்த போர்டிலும் பார்க்க முடியாது. செட்டிநாடு என்று போட்டாலே சிக்கன், காரம், அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

#5 பள்ளத்தூர் வாசகி

வெளியூரில் நம் பெயரை நிலைநிறுத்தியவர்களைக் குறைத்துப் பேச வேண்டாம். 1964ல் சென்னையில் தொடங்கிய அஞ்சப்பர் போன்றவர்கள் இல்லாவிட்டால் செட்டிநாடு என்ற சொல் வெளிநாடு வரை போயிருக்காது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தது நம் சமையலின் ஒரு மூலைதான். மற்ற மூலைகளை யாராவது கொண்டுபோக வேண்டும்.

உங்கள் கேள்விக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. காரைக்குடியில் பங்களா 1999ல் விடுதியாகத் திறந்தது. நடத்திய மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி விருந்தினருக்கு இலை போட்டு நம் வீட்டுச் சாப்பாட்டையே பரிமாறினார். அதற்குப் பிறகுதான், 2014ல், சுமித் நாயரோடு சேர்ந்து அந்தச் சாப்பாட்டைப் பற்றிய புத்தகம் வந்தது. பதினைந்து வருடம் தினமும் பந்தி நடந்த பிறகு எழுதியது. ரிது டால்மியாவின் முதல் புத்தகமும் டீவா பல வருடம் ஓடிய பிறகே வந்தது. எனக்குத் தெரிந்த வரிசை இதுதான்: முதலில் அடுப்பு, அப்புறம் இலை, கடைசியில் தாள்.

ரிது டால்மியாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை எதிர்த்து 2016ல் உச்ச நீதிமன்றம் போன ஐந்து பேரில் அவர் ஒருவர். 2018 செப்டம்பர் 6ல் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வியாபாரத்தில் இருப்பவர்கள் வாடிக்கையாளர் என்ன நினைப்பாரோ என்று எத்தனையோ விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறோம். அவர் தன் பெயரைப் போட்டு மனுவில் கையெழுத்து வைத்தார். அவருடைய சமையலை நான் சாப்பிட்டதில்லை, இதற்காகவே அவர்மேல் மதிப்பு.

#6 கோட்டையூர் அடுப்படி

எல்லோருக்கும் நன்றி. மெஸ்காரர் தம்பி, நாள்காட்டியை நான் யோசிக்கவே இல்லை. இன்று உட்கார்ந்து புரட்டாசி முதல் தை வரை எண்ணிப் பார்த்தேன். சைவத்தை முன்னால் வைத்து, புதன், ஞாயிறு மட்டும் அசைவம் என்று மாற்றிவிட்டேன்.

வாசகி அக்கா சொன்ன வரிசைதான் எனக்குக் கஷ்டம். நோட்டு கையில் இருக்கிறது, ஆனால் ஆயாவின் தங்கை, எங்கள் சின்ன ஆயா, எண்பத்தெட்டு வயது. நோட்டில் புரியாததைக் கேட்க அவர் ஒருவர்தான் மிச்சம். பதினைந்து வருடம் பந்தி நடத்திவிட்டு எழுதலாம் என்றால் அவர் இருக்க மாட்டார்.

நோட்டில் இருப்பது இப்படித்தான்: "பணியாரம். அரிசி ஆழாக்கு தலை தட்டி. உளுந்து கோபுரம்." அவ்வளவுதான். இதை வெளியூர்க்காரர் எப்படிச் செய்வார்?

சென்னையில் நான் வேலை பார்த்த ஒரு ஹோட்டலில் தென்னிந்திய அடுப்புக்கு மாற்றச் சொல்லி நான்கு தடவை எழுதிக் கொடுத்தேன். பெரிய உருளி தூக்க வேண்டும், பெண்ணுக்குச் சரிப்படாது என்று பேக்கரிப் பக்கமே வைத்தார்கள். அப்போது மனம் உடைந்தது. ஆனால் பேக்கரியில்தான் கிராமுக்குக் கிராம் நிறுக்கப் படித்தேன். அந்தத் தராசு இப்போது உதவும் என்று தோன்றுகிறது.

#7 கண்டனூர் மருமகள்

கண்ணு, உளுந்து கோபுரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் எங்கள் மாமியார் நினைவு வந்துவிட்டது. அவரும் இப்படித்தான் சொல்வார். அது குத்துமதிப்பு இல்லை, சரியான அளவு. ஆழாக்கில் பச்சரிசியை நிரப்பித் தலை தட்டிவிட்டு, அதன் மேலேயே உளுந்தைக் கொட்ட வேண்டும். சரிந்து விழாமல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு. கோபுரம் மாதிரி நிற்கும். அதற்கு மேல் போட்டால் தானே சரிந்து கீழே விழும். தப்பவே முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தப்பாமல் வருகிற அளவு இது.

உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும். குறைந்தால் பணியாரம் விறைக்கும். இரண்டையும் ஒன்றாகவே ஊறப்போட்டு, வெண்ணெய் மாதிரி அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகைச் சீனியும் போட்டு, புளிக்க விடாமல் உடனே ஊற்ற வேண்டும். ஒரு கரண்டி மாவு, ஒரு பணியாரம். ஊற்றியதும் தானே எழும்பி வரும். கரண்டியால் தொட்டுக் கலைக்கக் கூடாது. ஓரம் முறுகாமல் வெள்ளையாக எடுக்க வேண்டும், அதனால்தான் வெள்ளைப் பணியாரம்.

நீ கிராமில் எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோபுரத்தையும் எழுது. கிராம் மட்டும் போட்டால் அந்த அறிவு போய்விடும்.

இன்னொன்று. வீட்டுக்கு வீடு ஆழாக்கு ஒன்றாக இருக்காது. பொதுவில் ஆழாக்கு 168 மில்லி, எட்டு ஆழாக்கு ஒரு படி என்பார்கள். உன் ஆயா வீட்டு ஆழாக்கு இருந்தால் அதில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துவிட்டு எழுது. மிளகாயும் அப்படித்தான். பத்து மிளகாய் என்று இருந்தால் எந்த மிளகாய்? ராமநாதபுரம் குண்டு மிளகாயா, நீட்டு மிளகாயா? எடையும் வேறு, காரமும் வேறு.

#8 மிலானில் ஒரு காரைக்குடியான்

வேலைக்காக ஒன்பது வருடமாக இத்தாலியில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது, எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

இங்கே சமையல் குறிப்புகளில் உப்பு, எண்ணெய்க்கு எதிரே கியூ. பி. என்று இரண்டு எழுத்து இருக்கும். குவாந்தோ பஸ்தா. போதுமான அளவு என்று அர்த்தம். நம் புத்தகங்களில் "உப்பு தேவையான அளவு" என்று போடுவார்களே, அதேதான். முதல் தடவை பார்த்தபோது அம்மா ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. இங்கேயும் பாட்டிகள் கையளவில்தான் சமைக்கிறார்கள். மாவுக்கு மட்டும் கணக்கு உண்டு: நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை. கோபுரம் போல அதுவும் யாரும் மறக்க முடியாத அளவு.

ரிது டால்மியா இத்தாலியச் சாப்பாட்டை இந்தியாவில் எழுதியபோது இதே பிரச்சினையைத்தான் சந்தித்திருக்க வேண்டும். டெல்லி வீட்டு அடுப்பில், டெல்லிக் கடையில் கிடைக்கிற சாமானை வைத்து ஒருவர் செய்ய முடிகிற மாதிரி எழுதினால்தான் அது புத்தகம். உங்களுடைய வேலையும் அதுதான். கோட்டையூரில் இருப்பவருக்கு உங்கள் புத்தகம் தேவைப்படாது. என்னைப் போல, குக்கரும் ஒரு மிக்ஸியும் வைத்துக்கொண்டு வெளியூரில் கிடக்கிறவனுக்காக எழுதுங்கள்.

#9 சமையல்காரர் மகள்

நானும் ஒன்று சொல்ல வேண்டும். பல நாள் மனதில் கிடப்பது.

எங்கள் அப்பா நாற்பது வருடம் விசேஷ வீடுகளில் சமைத்தவர். எங்கள் ஊர்ப் பக்கம் ஆயிரம் பேர் பந்தி என்றாலும் அப்பா கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. சாமான் பட்டியலை வாயால் சொல்வார், வீட்டுக் கணக்குப்பிள்ளை எழுதிக்கொள்வார். எத்தனை படி அரிசி, எத்தனை வீசை கத்திரிக்காய், எத்தனை தேங்காய் என்று அவர் சொன்னால் கடைசிப் பந்திக்குப் பிறகு ஒரு சட்டிக்கு மேல் மிஞ்சாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்தினர் தங்கள் வீட்டுச் சமையல் என்று அழகான புத்தகம் போட்டார்கள். எந்தக் குடும்பம் என்று சொல்ல விரும்பவில்லை. அதில் இருந்த பதினேழு பதார்த்தம் அப்பா அந்த வீட்டில் வைத்தவை. ஒரு துவையலில் அப்பா மட்டும் போடுகிற சாமான்கூட அப்படியே இருந்தது. அட்டையில் இல்லை, உள்ளே இல்லை, நன்றியில்கூட அப்பா பெயர் இல்லை. "எங்கள் சமையல்காரர்" என்று ஒரு இடத்தில் வருகிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "படம் நல்லா எடுத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

நீங்கள் ஆயா நோட்டு என்கிறீர்கள். அந்த நோட்டில் இருப்பதெல்லாம் ஆயா கண்டுபிடித்ததா? சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

#10 புதுவயல் அரிசி

சட்டப்படி பொருள் பட்டியலுக்கும் செய்முறைக்கும் பதிப்புரிமை கிடையாது. எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. அதனால் உங்கள் அப்பா வழக்குப் போட முடியாது. ஆனால் சட்டத்தில் இடமில்லை என்பதற்காக அது நியாயம் ஆகிவிடாது, அக்கா. படித்ததும் மனம் கனத்துவிட்டது.

#11 பெட்டியடிப் பையன்

#9 எழுதிய மகளுக்கு.

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டு மூன்றாங்கட்டில் சமைத்தவர் ஒருவர். நான் பிறந்தபோது இருந்தார், என் கல்யாணத்துக்கும் அவரே சமைத்தார். எங்கள் வீட்டில் 1950களின் விசேஷக் கணக்கு நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. நேற்று இறக்கிப் பார்த்தேன். மேளக்காரர் பெயர் இருக்கிறது. மாலை கட்டியவர் பெயர் இருக்கிறது. வண்டிக்காரர் பெயர் இருக்கிறது. சமையல் என்ற வரியில் தொகை மட்டும்தான் இருக்கிறது. மேளக்காரரும் வண்டிக்காரரும் வெளியிலிருந்து வந்தார்கள், அதனால் பெயர் எழுதினார்கள். இவர் வீட்டிலேயே இருந்தார், எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எல்லாம் எழுதி வைக்கிற சமூகம் என்று எங்களைப் பற்றி நாங்களே பெருமையாகச் சொல்வோம். காலணாவுக்கும் பற்று வரவு உண்டு. அவருக்கு நாங்கள் பட்ட கடனுக்கு வரவு வைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, மகளே. உங்கள் அப்பா நன்றாக இருக்கிறாரா? அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

#12 மிலானில் ஒரு காரைக்குடியான்

சமையல்காரர் மகள் எழுதியதற்கு இங்கிருந்து ஒரு கதை. கதை என்ன, நடந்ததுதான்.

இத்தாலியில் வீட்டுக்கு வீடு இருக்கிற பழைய சமையல் புத்தகம் ஒன்று உண்டு. பெல்லெக்ரினோ அர்த்தூசி எழுதியது. இவர் சமையல்காரர் இல்லை, துணி வியாபாரி. ஃபோர்லிம்போபொலி என்ற சின்ன ஊரில் பிறந்து ஃப்ளாரன்ஸில் வியாபாரம் செய்து, ஓய்வு பெற்ற பிறகு சமையல் குறிப்புகளைச் சேர்த்தார். பதிப்பகங்கள் கைவிரித்தன. 1891ல் சொந்தப் பணத்தில் ஆயிரம் பிரதி அச்சடித்தார். முதல் பதிப்பில் 475 குறிப்பு. ஒவ்வொரு பதிப்பிலும் சேர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் 790 ஆயிற்று.

அவர் வீட்டில் சமைத்துப் பார்த்தவர்கள் இரண்டு பேர்: மரியெத்தா சபத்தீனி, பிரான்செஸ்கோ ருஃபில்லி. புத்தகத்திலேயே மரியெத்தா பெயரில் பானெத்தோனே என்ற இனிப்பு ரொட்டிக்கு ஒரு குறிப்பு இருக்கிறது, அவர் நல்ல சமையல்காரி என்றும் எழுதியிருக்கிறார். 1911ல் அர்த்தூசி இறந்தபோது புத்தகத்தின் உரிமையை அந்த இரண்டு பேருக்கும் எழுதி வைத்திருந்தார். இன்று அவர் பிறந்த ஊரில் அவர் பெயரில் சமையல் மையம் இருக்கிறது.

நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாபாரிக்குத் தோன்றியிருக்கிறது. நமக்கும் தோன்றலாம்.

#13 மெஸ்காரர் மகன்

இதைப் படித்துவிட்டு எங்கள் மெஸ்ஸில் ஒன்று செய்தேன். சாப்பாட்டு போர்டில் தினமும் என்ன குழம்பு என்று எழுதுவோம். இன்று பக்கத்தில் வைத்தவர் பெயரையும் எழுதினேன். எங்கள் பெரிய மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மதியம் இரண்டு தடவை வெளியே வந்து போர்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

#14 பள்ளத்தூர் வாசகி

எழுத வேண்டியதைத் தள்ளிப்போடுவது பற்றி நான் #5ல் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். செஃப் ஜேக்கப் நினைவுக்கு வந்தார். உத்தமபாளையத்துக்காரர். தமிழ்நாட்டின் வட்டாரச் சமையல்களைத் தேடித் திரிந்தவர், 2010ல் 24 மணி நேரம் நின்று 485 உணவு சமைத்துக் கின்னஸில் இடம் பிடித்தவர். 2012ல் 38 வயதில் போய்விட்டார். அவர் ஊர் ஊராகக் கேட்டுத் தலையில் வைத்திருந்ததில் எவ்வளவு தாளுக்கு வந்தது? அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

சின்ன ஆயாவுக்கு எண்பத்தெட்டு. கடை தை மாதம் திறக்கட்டும், அடுத்த தை கூடத் திறக்கட்டும். நீங்கள் நாளைக்கே நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

#15 சமையல்காரர் மகள்

தேவகோட்டை ஐயாவுக்கு: அப்பா நன்றாக இருக்கிறார். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். உங்கள் வீட்டில் சமைத்தவரை அப்பாவுக்குத் தெரியும் என்கிறார். சின்னப் பையனாக அவரிடம் எடுபிடியாக இருந்தாராம். அவர் பெயரையும் ஊரையும் சொன்னார். தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

#16 பெட்டியடிப் பையன்

கிடைத்தது, ஆத்தா. நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதிவிட்டேன்.

#17 கோட்டையூர் அடுப்படி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

சின்ன ஆயாவோடு பத்து நாள் உட்கார்ந்தேன். நோட்டில் மொத்தம் 112 குறிப்பு. ஒவ்வொன்றையும் படித்து, இது யார் சொன்னது என்று கேட்டேன். #9ல் அக்கா கேட்ட கேள்விதான். சின்ன ஆயா யோசிக்கவே இல்லை, கடகடவென்று சொன்னார். நாற்பத்தொன்று ஆயாவின் அம்மா கை. பத்துப் பன்னிரண்டு பினாங்கிலிருந்து வந்த பெரியத்தா கொண்டுவந்தது. இருபத்தாறு எங்கள் வீட்டில் சமைத்தவர் சொல்லி ஆயா எழுதிக்கொண்டது. அந்த இருபத்தாறுக்கும் ஓரத்தில் ஆயா பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறார். இத்தனை வருடம் அதை மைத்துளி என்று நினைத்திருந்தேன். மிச்சம் எங்கிருந்து வந்தது என்று சின்ன ஆயாவுக்கும் தெரியவில்லை, அவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.

அந்தச் சமையல்காரரின் பேரன் குன்றக்குடியில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். தாத்தா பெயரைப் போடச் சம்மதம் வாங்கிவிட்டேன். அந்த இருபத்தாறு குறிப்பின் பங்குத் தொகை அவர்களுக்கு என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

வாடகைப் பத்திரமும் முடிந்தது. தையில் திறக்கிறேன். முதலில் பதினான்கு பேருக்கு மட்டும்.

கண்டனூர் ஆச்சி, ஆயா வீட்டு ஆழாக்கைத் தேடி எடுத்தேன். தண்ணீர் ஊற்றினால் 172 மில்லி நிற்கிறது. பச்சரிசி தலை தட்டி 144 கிராம். கோபுரத்தை ஐந்து தடவை கட்டி நிறுத்துப் பார்த்தேன். 26, 25, 27, 26, 26.

#18 கண்டனூர் மருமகள்

ஐந்து தடவையும் ஒரே மாதிரி! நான் சொன்னேனே. பணியாரம் எழும்பியதா?

#19 கோட்டையூர் அடுப்படி

எழும்பியது, ஆச்சி. வெள்ளையாகவே எடுத்தேன். சின்ன ஆயா இரண்டு சாப்பிட்டுவிட்டு, துவையலுக்கு உப்புப் போதாது என்றார்.